விளக்கெண்ணெய் ஊற்றிய இஞ்சின்

வாழப்பாடி,
பிரமாதி, ஆவணி 12

என் மாமாவுக்குச் சாலம்மாள் கும்பிட்டு எழுதுவது. கைவலி தேவலையா? நம் பேத்தி வேளைக்குக் கஞ்சி ஊற்றுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று எங்கள் ரைஸ்மில் முதலாளி பழைய சின்ன இஞ்சின் ஒன்று வாங்கப் பார்த்தார். விற்க வந்தவன் அந்தச் செங்கோடன்தான். ஒன்பது வருசத்துக்கு முன்னால், பேரிங்கில் ஈயக்கம்பி வைத்துப் பார்க்கவிடாமல் அவசரப்படுத்தி உங்கள் கடலை மில்லுக்கு இஞ்சின் விற்றானே, அதன் ராடு முறிந்துதானே உங்கள் இரண்டு விரல் போயிற்று! அன்று கட்டியிருந்த அதே பச்சைத் தலைப்பாகை.

"சத்தமே வராதுங்க" என்றான்.

நெல் துழாவுவதை விட்டு முதலாளியிடம் போய், "வெளக்கெண்ணெயக் கெட்டியா ஊத்தினா எந்தத் தேஞ்ச இஞ்சினும் சத்தம் போடாதுங்க. ராடு பேரிங்கத் தொடச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கெழவிக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்?" என்றான்.

என்னிடமிருந்த நூலளவு ஈயக்கம்பியை மேஸ்திரி பேரிங்குக்குள் வைத்து முடுக்கிக் கழற்றினார். தகடாக நசுங்க வேண்டிய கம்பி, நசுங்காமல் அப்படியே வந்தது. பேரிங் தேய்ந்து உள்ளே அவ்வளவு இடைவெளி. முதலாளி இஞ்சினைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அந்த ரெண்டு வெரல எங்கடா வெச்சிருக்கறே?" என்று கேட்டேன். செங்கோடன் இஞ்சினை வண்டியில் ஏற்றப் போய்விட்டான்.

அந்தக் கம்பி, புறப்படும்போது உங்கள் பெட்டியிலிருந்து எடுத்துவந்தது. நுனியில் உங்கள் பல் தடத்தோடு சுருக்குப்பையிலேயே இருந்தது. மேஸ்திரி வைத்துக்கொண்டார், திருப்பிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இன்னொரு துண்டு அனுப்புங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், எப்போதும்போலப் பல்லால் கடித்து அனுப்புங்கள். எதற்கென்று கேட்காதீர்கள்.

மில் சங்கு ஊதிவிட்டது.

சாலம்மாள்