எடைச் சீட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஐந்து மாதம் முடிந்தது; வயிற்றில் நன்றாக உதைக்கிறது. இன்று பரிசோதனைக்குப் போனோம். கட்டில் என் நெஞ்சுயரம். சக்கர நாற்காலியிலிருந்து எப்படி ஏறுவது? டாக்டரம்மா தொட்டுக்கூடப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "இவங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். "டாக்டர், வயிறு என்னோடது. என்கிட்டயே கேளுங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. எடை இயந்திரத்தில் என்னால் நிற்க முடியாது என்பதால் நர்ஸ் உத்தேசமாக அறுபத்தைந்து கிலோ என்று எழுதிக்கொண்டார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிக்கு அந்தக் கணக்குத்தான்.

உன் குட்டி

மார்ச் 19

செல்லக் குட்டிக்கு,

கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் உடம்புக்குப் பிள்ளை வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், நீ கேட்டால்தானே? டாக்டரிடம் வாய் கொடுக்காதே. இரண்டு பேர் தூக்கிக் கட்டிலில் விட்டால் படுத்துக்கொள்ளேன். அதிலென்ன கௌரவக் குறைச்சல்?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கௌரவம் இல்லை, பயம். போன வருஷம் எக்ஸ்ரே அறையில் தூக்கியவர்கள் என்னைக் கீழே போட்டுவிட்டார்கள். தோள் இறங்கி ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன்.

வீட்டுக்காரர் வேலை செய்யும் பார்சல் கிடங்குக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் நாற்காலியோடு ஏறினேன். பிறகு நாற்காலியைத் தனியாக நிறுத்துக் கழித்தோம். ஐம்பத்திரண்டு! சீட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பழைய கணக்கை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஊசி அதிகமா போயிருக்கு. என் தப்புதான்மா" என்றார். உடனே அளவைக் குறைத்தார், ரத்தமும் சோதித்தார். நல்லவேளை, கெடுதல் ஒன்றுமில்லை.

பிறகு மருத்துவமனைத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் அறை மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. கீழேயே காத்திருப்பதாகச் சொல்லியனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். நான் கட்டட வரைபடம் போடுகிறவள் அல்லவா? தாழ்வான கட்டிலுக்கும், சரிவுப் பலகை வைத்த எடை மேடைக்கும் அளவோடு வரைந்து கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் நின்று எனக்காகப் பேசினார். யோசிக்கலாம் என்றார் தலைவர். "யோசிங்க சார், நான் வாராவாரம் வருவேன்" என்றேன். வாராவாரம் போவேன்.

குட்டி

ஜூலை 21

அக்கா,

பெண் குழந்தை! மூன்று கிலோ இருநூறு. அப்படியே உன் மூக்கு.

கட்டில் மே மாதமே வந்துவிட்டது. யார் கையும் படாமல் நானே நகர்ந்து படுத்தேன். நேற்று பரிசோதனைக்குப் போனபோது, ஊன்றுகோலோடு வந்த ஒருவர் எடை மேடையில் ஏறினார். பத்து வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் எடை பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

வேண்டாமென்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாய். பயத்தில் சொன்னாய், எனக்குத் தெரியாதா? மன்னிப்பையெல்லாம் தபாலில் வாங்கமாட்டேன், நேரில் வா. மகாராணி என் மடியில் படுத்து நாற்காலியிலேயே வீட்டைச் சுற்றி வருகிறாள். இறக்கினால் ஊரைக் கூட்டுகிறாள். நீயும் ஒரு தடவை வாங்கிப் பார். கொடுப்பேனா என்பதை நீ வந்த பிறகு சொல்கிறேன்.

உன் குட்டி