ஃபோக்கோவின் கண்ணாடி வீட்டுக் கீரை

அன்பு மகள் இம்கெவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே என் உடம்பு பரவாயில்லை, முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். பனி வந்து ரயிலையே மூடி, ராணுவ டாங்கி வந்து நம் ஊர்ச் சாலையைத் திறந்துவிட்டதே, உனக்கு முன்பல் விழுந்த அந்த வருஷத்தைப் பற்றித்தான் நீ கேட்டிருக்கிறாய். அந்தக் குளிர்காலத்தில் தின்ற கீரையை அங்கே கண்ணாடி வீடு கட்டி வளர்க்கப் போகிறாயாம், சந்தோஷம். ஆனால் கடிதத்தை யாருக்கு எழுதினாய்? உறைமேல் ஃபோக்கோ பேர். உள்ளேயும் ஃபோக்கோ மாமா, ஃபோக்கோ மாமா. போரில் பள்ளிக்கூடம் மூடிப்போய் மாட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டவன் நான், எனக்கு எழுத்துத் தெரியாது, பக்கத்து வீட்டு ஃபோக்கோதான் படித்துக் காட்டுகிறான், இதை எழுதுவதும் இவன்தான், அதெல்லாம் சரி. உறையைப் பிரிக்கவாவது எனக்குக் கை இருக்கிறது. இதையும் எழுதவா என்று கேட்டு இவன் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஜனவரியில், வருஷா வருஷம் கேல் கீரை தின்னப் போகும் நடைக்கு ஊரே கிளம்பியது. கைவண்டியில் சாராயப் புட்டி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்னக் கிளாஸ், வாய்க்கால் கரையெல்லாம் நடந்து கடைசியில் விடுதியில் கேல் கீரையும் புகைபோட்ட கறியும். சாப்பிட்டு முடிந்ததும் போன வருஷத்துக் கேல் ராஜாவும் ராணியும் எழுந்து புது ஜோடியைச் சொல்ல வேண்டும். ராஜா ஃபோக்கோ என்றார்கள், பன்றித் தாடையெலும்பை ரிப்பனில் கோத்துப் பதக்கமாக இவன் கழுத்தில் போட்டார்கள். ராணி கெசினெ என்றார்கள். உன் அம்மா. அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு அவள் சிவந்துபோனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இவன் பெண்டாட்டி டொம்மா மேசையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வருஷ நடையை ராஜாவும் ராணியும் சேர்ந்துதான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது வழக்கமாயிற்றே, அதைச் சாக்காக வைத்து இவன் வருஷம் முழுக்க நம் சமையலறையில் காப்பி குடித்தான்.

பிப்ரவரியில் பனி மூடியதும் கடைக்கு வண்டி வரவில்லை. ஊரில் பச்சை என்று இருந்தது இவன் கண்ணாடி வீட்டில்தான், தரையோடு தரையாகப் படரும் வயல்கீரையும் பசலையும். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போவாள், கிண்ணம் நிறையத் திரும்புவாள், போனவள் வர நேரமாகும். நீ உருளைக்கிழங்கைத் தள்ளிவிட்டு ஃபோக்கோ மாமா கீரைதான் வேணும் என்று அழுவாய். எனக்கு எப்படி இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் இடித்த வீடுகளின் ஜன்னலையெல்லாம் கொண்டுவந்து நானும் ஒரு கண்ணாடி வீடு கட்டினேன், இவனுடையதைவிடப் பெரிதாக. கீரைக்குக் குளிருமே என்று மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்தேன். குளிர்காலத்திலும் மே மாசத்து இலை போல நெட்டையாக, மெத்தென்று வளர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இவன் கீரை குட்டையாகக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கு ஒரே குஷி. நல்ல உறைபனி விழுந்த ஒரு நாள் எண்ணெய் தீர்ந்து அடுப்பு அணைந்திருக்கிறது. காலையில் போனால் என் கீரை மொத்தமும் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. ஓடிப்போய் வேலிமேல் எட்டிப் பார்த்தேன், இவனுடையதும் கண்ணாடியாக விறைத்துக் கிடந்தது. சரி, போயிற்று என்று திருப்தியாகக் காப்பி குடித்தேன். மத்தியானம் வெயில் பட்டதும் இவன் கீரை ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தது. இவன் வேலியில் சாய்ந்துகொண்டு, “அதுக்குக் குளிர் பழகணும்டா ஐலர்ட், நீ கைக்குழந்தை மாதிரி வளத்துட்ட,” என்றான்.

அம்மா மறுபடி கிண்ணத்தை எடுத்தாள். கீரை வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள் போகாதே என்றேன். அவள் கதவருகே நின்று, “நீ கட்டினதுக்குள்ளயும் நான் வந்து நின்னேன், நீ அடுப்பையே பாத்துக்கிட்டு இருந்த. அவரு கீரை பறிச்சுக்கிட்டே பேசுறாரு, நானும் பேசுறேன். அவ்வளவுதான் ஐலர்ட்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு? அவள் இருந்தவரைக்கும் நான் கேட்கவில்லை. அவள் போன பிறகு இவனிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அங்கே அப்படி என்னதான் பேசினீர்கள் என்று. “உன்னப் பத்தித்தான்டா,” என்கிறான். நான் நம்பவில்லை. இப்போது இதை எழுதும்போது மட்டும் சிரிக்காமல் எழுதுகிறான்.

சரி, உன் கீரைக்கு வருகிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் விதைத்துவிடு, வெளிச்சம் குறைவதற்குள் செடி பிடித்துவிட வேண்டும். அடுப்பு வைக்காதே. சாயங்காலம் மெல்லிய துணி ஒன்றைச் செடிமேல் போர்த்தினால் போதும். வெயில் நாளில் கதவைத் திறந்து வை, உள்ளே ஈரம் நின்றால் அழுகும். விறைத்திருக்கும்போது இலையைத் தொடாதே, எழுந்த பிறகு பறி. இதையெல்லாம் ஃபோக்கோ மாமா சொன்னார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அப்பா சொன்னார் என்று சொல். விதை என் தோட்டத்தில் எடுத்ததைத்தான் அனுப்புகிறேன், இவன் கொடுக்க வந்ததை வேண்டாம் என்றுவிட்டேன்.

குளிர் உங்களை வாட்டாமல், வீட்டில் பேச்சும் சிரிப்பும் குறையாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் உறைமேல் என் பேரைப் போட மறந்துவிடாதே. வருகிற குளிர்காலத்தில் எப்படியாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வந்தால் இவனோடு அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் போய்க் கீரை பறி, அம்மா என்ன பேசினாள் என்று நீ கேள். எனக்குச் சொல்லாததை உனக்குச் சொல்வான். பிறகு நீ வந்து என்னிடம் சொல். தள்ளிப்போடாதே கண்ணு. டொம்மா போய்விட்டாள், அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் எங்கள் இருவரைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள், அம்மா பேச்சைக் கேட்டவர்களில் என்னை விட்டால் மிச்சம் இவன் ஒருவன்தான்.

இப்படிக்கு,
சொன்னவன் உன் அப்பா ஐலர்ட் ப்ரூங்கன், பக்கத்தில் இருப்பது என் கீறல்.
எழுதியவன், இன்னும் உயிரோடிருக்கும் ஃபோக்கோ ட்யாடன்.