மைக்குக்குக் கேட்ட கரகரப்பு

ஜனவரி 9

ஒத்திகை அறையின் மூலையைப் பழைய மெத்தைகளும் போர்வைகளும் வைத்து அடைத்துவிட்டோம். இனி அதுதான் ஒலிப்பதிவு அறை. நாடகத்துக்கு ஆள் வராவிட்டால் கதையாவது காதைத் தேடிப் போகட்டும் என்கிறார் இவர். குழுவுக்கு இயக்குநர், வீட்டிலும் இயக்குநர்; மறுபேச்சு கிடையாது. திரைச்சீலை வரைகிற ஓவியர் குழந்தைகளுக்குப் படக்கதை போட ஆரம்பித்துவிட்டார். முதல் ஒலிக்கதையில் நான் ஒரு படகோட்டியின் மனைவி.

கடைசி வரிசை வரைக்கும் குரலை எறிந்து பழகியவள் நான். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் நிற்பது, யாரோ முகத்தருகே வந்து உற்றுப் பார்ப்பது போல இருக்கிறது.

ஜனவரி 14

ஒலிப்பதிவுக்கு வந்திருக்கும் சின்னப் பெண்ணுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். இன்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அக்கா, தொண்டை கட்டியிருக்கா?"

"இல்லையே."

"வரி முடியுற இடத்துல எல்லாம் குரல் உடையுது. மெஷின் கோளாறுன்னு நினைச்சேன்."

போட்டுக் காட்டினாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். எப்போதிருந்து? மேடையில் யாரும் சொல்லவில்லையே — நான் போடுகிற சத்தத்தில் மறைந்துபோயிருக்கிறதா?

ஜனவரி 15

தேன். வெந்நீர். ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 22

அப்பாவைக் கொண்டுபோனதும் தொண்டைப் புற்றுதான். இதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. அவருக்கும் முதலில் வெறும் கரகரப்புதான் இருந்தது. இவருக்கு அது தெரியும். அதனாலதான் சொல்ல பயமாயிருக்கு. சொல்லிட்டா நிஜமாயிடும்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வசனம் சொல்லிப் பார்த்தேன். உடையுது. உடையுது.

பிப்ரவரி 2

மைக்கம்மா இவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். இவர் கோபப்படவில்லை. "கிளம்பு" என்றார், அவ்வளவுதான்.

மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, குரல் பிறக்கிற இடத்தைத் திரையில் காட்டினார். ஓரத்தில் பயறளவு கட்டி.

"எடுத்து சோதனைக்கு அனுப்பினாத்தான் எதுவும் சொல்ல முடியும்மா."

"குரல்?"

"மாறலாம்."

எவ்வளவு மாறும் என்று நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

மகள் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. பதிவு வேலை, போன் எடுக்க முடியாது என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 5

கத்தாமல் மெதுவாகப் பேசினால் பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கதையை முடித்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன். படகோட்டியின் மனைவி கரையில் காத்திருக்கும் காட்சி. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன்.

"அக்கா, தாள் சத்தம் கேக்குது."

இவர் உள்ளே வந்து தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் தாள் சத்தம். மைக்கம்மா வந்து அதை வாங்கி மெத்தையில் ஊசி குத்தி மாட்டினாள்.

படித்து முடித்தேன். இந்தக் குரலோட கடைசி வேலை இதுதானா?

பிப்ரவரி 9

நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

பிப்ரவரி 12

பேசக் கூடாது. சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஓவியர் பார்க்க வந்தார். நான் பேசாததால் அவரும் சைகையிலேயே நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். 'எனக்குக் காது நல்லாத்தான் கேட்கும்' என்று எழுதிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அழுவதற்கும் சத்தம் வரக் கூடாதாம்.

பிப்ரவரி 19

புற்று இல்லை.

மருத்துவமனை வாசலில் இவர் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடந்தார். சொல்லலாமென்றால் வாயைத் திறக்க முடியாதே. கையைப் பிடித்து இழுத்து அவர் காலைக் காட்டினேன்.

மார்ச் 1

இன்றிலிருந்து பேசலாம். வந்த குரல் தாழ்ந்து, பாதி காற்றாக இருக்கிறது. மூன்றாவது வரிசைக்குக்கூட எட்டாது. மேடையில் என் வேடங்களை இனி இன்னொருத்தி போடுவாள். மைக்கம்மா என்னவோ அடுத்த கதையோடு காத்திருக்கிறாளாம். அவளுக்கு இது போதுமாம். எனக்கு நம்பிக்கையில்லை.

மகளைக் கூப்பிட்டேன்.

"பரீட்சை எப்படிடி போச்சு?"

"அம்மா போன்ல யாரு பேசறது? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"நான்தான்டி. அம்மா."



"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன்.