"என்ன வேணும்?" என்று கேட்ட மெஷின்

அன்பு மச்சான்,

நேற்று பண்டாரவளையில், பழைய சாமான் கடையில் கிடந்த டைப்ரைட்டரைத் தட்டிப் பார்த்தேன். வரி முடியப் போகையில் 'டிங்' என்றது மணி. உடனே நீ கண்முன் வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு நீ கம்ப்யூட்டரோடு வந்தபோது, ஊவா மாகாணத்திலேயே வேகமான டைப்பிஸ்ட் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், நான் தட்டினால் ஹல்துமுல்லை வரை கேட்கும். உன் கறுப்புத் திரையோ ஒரு கோடு மட்டும் மினுங்க, ஊமையாக இருந்தது. கட்டளையை எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்தில் தட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை தோட்டத் துரை பார்க்க வருவார். அதற்குள் நாங்கள் பழகாவிட்டால் மெஷினோடு உன் வேலையும் போய்விடும்.

தட்டினேன். 'பீப்' என்றது. வரி முடிந்ததாக்கும் என்று அடுத்த வரிக்குப் போனேன். மறுபடி 'பீப்'. திரை நிறையத் தட்டித் தள்ளினேன்.

"பாத்தியா மச்சான், என் வேகத்துக்கு மெஷினே மணியடிக்குது!"

"அட மடையா, அது பிழைன்னு கத்துது!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

"கத்தினா எப்படி விளங்கும்? காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல புதுசா வந்து நிக்கிற ஆளுக்கு எந்த மலைக்குப் போகணும்னு சொல்லாம, கங்காணி விசில் மட்டும் ஊதினா அவன் எங்க போவான்?"

நீ சிரிக்கவில்லை. "திரும்பச் சொல்லு" என்றாய். அந்த ஒரு பேச்சில் கம்ப்யூட்டர் உலகமே திரும்பியது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ ஒருநாளும் மறுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை துரை என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தேயிலைப் பெட்டிகளில் ஆங்கில எழுத்து அடிக்கும் பெரியசாமியை உட்கார வைத்தார். மெஷினைத் தொட்டே பார்க்காத மனுஷன். திரையில் பழைய கட்டளைக்குப் பதிலாக நீ ஆங்கில எழுத்தில் புதிதாக எழுதிவைத்த தமிழை அவர் பெட்டி வாசிப்பதுபோல் கூட்டினார்: "எ...ன்...ன... வேணும்? ஒண்ணு, கொழுந்து. ரெண்டு, ஆள்."

பிறகு ஏழாம் எண்ணைத் தட்டினார். பீப் இல்லை. 'விளங்கல. ஒண்ணு இல்லாட்டி ரெண்டு தட்டுங்க' என்றது திரை.

"ஆமாங்க, மன்னிச்சுக்கோங்க" என்று மெஷினிடம் சொல்லிவிட்டு ஒன்றைத் தட்டினார். அன்றைய கொழுந்துக் கணக்கு மலை மலையாக வந்து நின்றது. துரை கைதட்டிய வேகத்தில் அவர் தொப்பியே கழன்று விழுந்தது. மெஷினும் தோட்டத்தில் நிலைத்தது, உன் வேலையும் நிலைத்தது.

இப்போது நீ இல்லை. ஆனால் தினம் காலையில் திரை அதையே கேட்கிறது. பதில் தட்டிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலில் யாராவது புது ஆள் திருதிருவென்று நிற்பான். முன்பென்றால் மேசை மணியைத் தட்டி விரட்டியிருப்பேன். இப்போது உன் மெஷின் மாதிரியே கேட்கிறேன்: "வாங்க, என்ன வேணும்?"