பொம்மையின் தாலி

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்றல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி கம்மியாச்சா? பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதைக் கடையில் அப்பா ஒத்தாசையாக நிற்கிறாரா?

மதுரையில் எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு இப்போது பொம்மையை வைத்துத்தான் பயிற்சி. நேற்று பொம்மைக்கு மாரடைப்பு வந்து இதயம் நின்றுபோனது. மஞ்சள் கயிற்றில் தாலியும் கட்டியிருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு நெஞ்சில் ஷாக் கொடுக்க வேண்டும். இன்னொருத்தி தாலியில் எப்படிக் கை வைப்பது என்று தயங்கி நின்றுவிட்டேன்.

"பேஷண்ட் போயிட்டாங்க, சிஸ்டர்" என்றார் பயிற்சி கொடுப்பவர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இன்னும் என்னால் தலை நிமிர முடியவில்லை. பயப்படாதே, பொம்மைதான்.

எள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்பு. இங்கே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது: நீ அப்படிக் கிடந்தால், உன் தாலியில் நான் கை வைக்கலாமா?

உன் மகள்,
தென்றல்