ராஜம்மாளின் பின்வாசல்

ஐப்பசி 3, வியாழன்

கடைக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்ற சட்டத்தை, மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜம்மாளுக்குப் போன மாதம் விளக்கியிருந்தேன். இன்று பார்க்கப் போனேன். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல். கூட்டம் இல்லாததால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜம்மாள் பின்வாசல் வழியாக வந்து தன் மேசைக்குப் போனார். யாரும் கவனிக்கவில்லை.

ஏன் இந்த வழி என்று கேட்டேன்.

“முன்னால கேறி வந்தா எல்லாரும் எழும்பி நிக்காவ சாரே. இருங்கன்னு சொன்னாலும் கேக்கமாட்டாவ. நான் ஒரு நாளைக்கு இருவது வாட்டி போவேன், வருவேன். பின்ன ஸ்டூல் எதுக்கு?”

இது சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. எனக்கும் தோன்றியதில்லை.

பஸ்ஸில் நாகர்கோவில் வரும்வரை அவரை மனதுக்குள் மெச்சிக்கொண்டே வந்தேன். அலுவலகத்துக்குள் நுழைந்ததும், எட்டு வருடமாகச் செய்வதுபோல, டைப்பிஸ்ட் செல்வி எழுந்து நின்றார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

என் அலுவலகத்துக்கு ஒரு வாசல்தான்.