ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து நிற்பவர்கள்

39, ஆல்டர் தெரு
ஜூன் 4

அன்புள்ள டுவார்ட்டே அண்ணாவுக்கு,

நலமா? உன் மீன்பிடிக் கப்பல் பன்னிரண்டாம் தேதி கரைக்கு வரும் என்றாயே, அதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன். நான் பேசத் தொடங்கினாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தக்காளிச் செடிகளுக்கு மேல் உன் பழைய வலையைக் கட்டியிருக்கிறாள். இந்த வருடம் பின்னாலிருக்கும் பேஸ்பால் மைதானத்திலிருந்து இரண்டு பந்துகள்தான் உள்ளே விழுந்தன.

மைதானச் சண்டை உனக்குத் தெரியும். இது சிறியது, பழையது, நெடுஞ்சாலையோரம் புதிதாகக் கட்டிக்கொண்டு போகிறோம் என்று அணிக்காரர்கள் சொன்னதிலிருந்து தெருவே கொதிக்கிறது. பக்கத்து வீட்டு சுலேமா அத்தை அச்சடித்த ‘பழைய மைதானமே போதும்’ பலகை எல்லா வாசலிலும் நிற்கிறது. பதினெட்டாம் தேதி நகராட்சிக் கூட்டத்தில் தெருவுக்காகப் பேசப்போவது அப்பா. “அவெலினோ வாயத் தொறந்தா பஸ்ஸே நின்னுடும்” என்றாள் அத்தை. “ஓட்டுனவன் நான்தானே, நிக்காம என்ன பண்ணும்” என்றார் அப்பா.

அண்ணா, நாம் ஜெயித்துவிட்டோம். சிக்கலே அதுதான். பழைய மைதானத்தையே பெரிதாக்கப்போகிறார்கள். வரைபடம் போடுவது எங்கள் அலுவலகம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், அகலமான நடைபாதை, போதுமான கழிப்பறைகள் வேண்டும். மற்ற மூன்று பக்கமும் ஆறு, ரயில் பாதை, தேவாலயம். விரிவாக்க முடிந்தது நம் தெருப் பக்கம் மட்டும். நம் வரிசையில் ஒன்பது வீடுகள் போகின்றன. இடிக்கப்போவது தெரிய வரைபடத்தில் அவற்றுக்கு மஞ்சள் தீட்டச் சொன்னார்கள். தீட்டினேன், நம் வீட்டுக்கும். கூட்டம்வரை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

சனிக்கிழமை ஆட்டத்தின்போது பின் வராந்தாவில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். “இந்த வராந்தா இருக்கற எடத்துல என்னம்மா வருது?” என்று கேட்டார். கழிப்பறை என்றேன். “நல்லதாப் போச்சு. குடிச்சிட்டு நம்ம வேலியோரமா நின்னவனுங்க இனிமே முறையா உள்ளேயே நிக்கட்டும்” என்று சிரித்தார். பிறகு எல்லா ஆட்டத்திலும் நடக்கிறபடி ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானம் முழுக்க எழுந்து பாடியது. நம் வரிசை வராந்தாக்களிலும் எல்லோரும் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. “என்ன அவெலினோ, முட்டி துருப்பிடிச்சிருச்சா?” என்று அத்தை வேலிக்கு அப்பாலிருந்து சீண்டினாள். அப்போதும் எழவில்லை.

ஆனால் தினமும் சவரம் செய்தபடி கூட்டத்துக்கு வைத்திருந்த அதே பேச்சைத்தான் ஒத்திகை பார்க்கிறார். தெருவில் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். “யார் சொன்னதுன்னு உங்க ஆபீஸ்ல கேக்க மாட்டாங்களா?” என்றார். நான் துண்டை எடுத்து நீட்டினேன். “அப்ப விடு” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பட்டம் கிடைத்ததை பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்ன மனிதர்.

கூட்டத்தில் முதலில் மக்கள் பேசுவார்கள். பிறகுதான் வரைபடத்தைக் காட்டுவார்கள். அதன்மேல் இருக்கும் துணியை விலக்க வேண்டியவள் நான். அப்பாவுக்கான கைதட்டல் ஓய்வதற்குள் நான் அந்த மஞ்சளைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யார் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்?

இரண்டு நாளாக மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குகிறேன். இன்றுதான் முடிவு செய்தேன். பதினேழாம் தேதி மாலை ஆட்டம் இருக்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் பாடி முடித்து எல்லோரும் உட்காருவதற்குள் நம் வராந்தாவிலிருந்து நானே தெருவுக்குச் சொல்லிவிடுவேன். மைதானம் வேண்டுமா, வீடுகள் வேண்டுமா என்று தெரு தெரிந்தே கேட்கட்டும். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டேன், உனக்குத் தெரியும். அன்று எல்லோரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். நான் தனியாகத் தெரிய மாட்டேன்.

மறுநாள் காலை அப்பாவுக்குப் போன் செய். எனக்கு வேறு வேலை கிடைக்கும் என்று நீ சொன்னால் நம்புவார்.

கையுறை இல்லாமல் வலை இழுக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். பதினேழாம் தேதி இங்கே இருட்டும் நேரம் உனக்கு அங்கே பிற்பகல். கையில் என்ன வேலை இருந்தாலும் ஒரு நிமிடம் எழுந்து நில், அண்ணா.

உன் தங்கை,
ஒடிலியா